கார்பன் இங்க் பேனா வாங்கலாமா?

"அண்ணே, ரயில்ல நீங்க வரையற அதே பேனாவை நானும் வாங்கட்டுமா?" என்று ஆபீஸில் ஒரு தம்பி கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் அது மறுபடியும் ரிப்பேர் கடையிலிருந்து வந்திருந்தது.

பேனா, நிப், விலை எல்லாம் எங்கும் கிடைக்கிற விவரம். என் சண்டை அதில் ஊற்றும் கார்பன் இங்க்கோடுதான்.

சாதாரண ஃபவுண்டன் பேனா இங்க் வெறும் சாயம். காய்ந்தாலும் தண்ணீரில் காட்டினால் கரைந்து ஓடிவிடும். கார்பன் இங்கில் மிதப்பது நுண்ணிய கரித்தூள். ஈரம் போனதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், திரும்பக் கரையாது. இது தாளில் நடந்தால் வாட்டர்ப்ரூஃப். நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கின் மெல்லிய பள்ளத்தில் நடந்தால் அடைப்பு. இரண்டும் ஒரே குணம்தான், அதனால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. எரிச்சல் மட்டும் குறையவில்லை.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். தாம்பரம் பீச் லோக்கலில் எதிர் சீட்டுக்காரர் தூங்கினால் அன்றைக்கு யோகம். வண்டி ஓடும்போது சட்டை, பை, வேட்டி மடிப்பு. அங்கே கோடு ஆடினாலும் பரவாயில்லை. முகத்துக்கு மட்டும் நிறுத்தங்கள். கிண்டியில் கண்ணாடி, சைதாப்பேட்டையில் மூக்கு, மாம்பலத்தில் மீசை. கோடம்பாக்கத்தில் அவர் இறங்கிப் போனால் காது இல்லாமலே படம் முடிந்தது. இறங்கியதும் டீக்கடை. விரலை டீயில் தொட்டுக் கன்னத்துக்கு அடியில் தேய்த்தால் பழுப்பாக நிழல் விழும், கறுப்புக் கோடு ஒரு மயிரிழைகூடக் கலையாது. இந்த ஒரு சுகத்துக்காகத்தான் இந்தப் பேனாவை இத்தனை நாள் சகித்துக்கொண்டிருக்கிறேன்.

டீ மாஸ்டர் தூங்க மாட்டார். ஆனால் ஆற்றும் கை திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வரும். ஒரே பக்கத்தில் கை மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு படம் தொடங்கி, கை எங்கே வருகிறதோ அந்தப் படத்தில் ஒரு கோடு சேர்த்தால் போதும். இஸ்திரி வண்டி, பரோட்டாக் கல் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். போன் பார்ப்பவர்களை வரைந்து வரைந்து அலுத்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே கழுத்து.

"போட்டோ எடுத்து வீட்டில வரையலாமே" என்பான் தம்பி. 2007இல் சியாட்டிலில் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் காம்பனாரியோ தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்ற ஓவியர் குழுவின் முதல் விதியே, இடத்திலிருந்து நேரில் பார்த்து வரைய வேண்டும் என்பது. நான் எந்தக் குழுவிலும் இல்லை, ஆனால் இதில் அவர்கள் கட்சி. போட்டோவில் இருப்பவர் அசையவே மாட்டார், பிறகென்ன அவசரம்?

சரி, கோபத்துக்கு வருவோம். கிடைத்த நேரத்தில் வரைகிறவனுக்கு நேரம் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. மார்ச் கணக்கு முடிப்பு வந்தால் பேனா பையிலேயே கிடக்கும். அப்புறம் ஒருநாள் அற்புதமான தாத்தா ஒருவர் முண்டாசோடு எதிரே வந்து உட்காருவார், பேனாவைத் திறந்தால் வெறும் கீறல். உதறினால் பக்கத்துக்காரர் சட்டை. கடைக்காரர், "தினம் எழுதுங்க சார், இல்லேன்னா கழுவி வையுங்க. கொதிக்கிற தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, நாக்கு வளைஞ்சிரும்" என்றார். நியாயம்தான். ஆனால் ஓய்வு நேரத்துக்கென்று வாங்கிய பொருள் தினசரி கவனிப்புக் கேட்டால் அதற்குப் பெயர் ஓய்வா?

அதனால் தம்பி, வாங்காதே. மேசையில் கிடக்கும் பால் பாயிண்ட் பேனாவை எடு. எண்ணெய் இங்க், டீ பட்டாலும் பெரிதாகக் கலையாது. மெல்லப் பிடித்தால் சாம்பல், அழுத்தினால் கறுப்பு. நுனியில் சேரும் பிசுக்கை மட்டும் அவ்வப்போது துடைத்துக்கொள். அந்த அடர்ந்த கறுப்பு வராதுதான். என் பேனாவை இரவல் கேட்காதே, தர மாட்டேன்.