சுயேச்சையாக நிற்பேன் என்ற மிரட்டலும் உண்மையில் நிற்பதும்

வேட்புமனுக் காலம் நெருங்கினால், கட்சி இடம் தராவிட்டால் சுயேச்சையாகப் போட்டியிடப்போவதாக யாரேனும் ஒருவர் கொழும்பில் அறிவிப்பது வழக்கம். தலைமை அதற்கு அஞ்சுமா என்பது, பேசுபவரின் செல்வாக்கைவிட அது எந்தத் தேர்தல் என்பதையே பெரிதும் பொறுத்தது.

நாடாளுமன்றத் தேர்தலில் இம்மிரட்டலுக்கு வலு மிகக் குறைவு. விகிதாசார முறையில் தனியொருவர் நிற்க முடியாது; 2024இல் 18 ஆசனங்களுக்குரிய கொழும்பு மாவட்டத்தில் 21 பேர் கொண்ட முழுப் பட்டியலைச் சமர்ப்பிக்க வேண்டியிருந்ததுடன், மாவட்ட வாக்குகளில் 5 சதவீதத்தையும் எட்ட வேண்டியிருந்தது. மிரட்டுபவர் ஏனைய 20 பேரைத் திரட்டுகிறாரா என்று விசாரித்தாலே தலைமைக்கு உண்மை விளங்கிவிடும்.

ஜனாதிபதித் தேர்தலில் நிலைமை வேறு. இந்நாள் அல்லது முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் எவரும் தனித்து நிற்கலாம். கட்டுப்பணம் கட்சி வேட்பாளருக்கு 50,000 ரூபாய், சுயேச்சைக்கு 75,000 ரூபாய். 2019இல் ஐக்கிய தேசியக் கட்சி முடிவெடுக்கும் முன்பே, தாம் போட்டியிடுவது உறுதி என்று அதன் பிரதித் தலைவர் சஜித் பிரேமதாச மேடைகளில் அறிவித்தபோது, அது வெறும் பேச்சாகக் கொள்ளப்படாததற்கு இதுவும் ஒரு காரணம். செப்டெம்பர் 26ஆம் திகதி செயற்குழு அவரையே தெரிவுசெய்தது. ஆனால் நெருக்குதலால் கிடைத்தது வேட்புமனு மட்டுமே; கட்சித் தலைமை ரணில் விக்கிரமசிங்கவிடமே இருந்தது. 2020இல் சஜித் தலைமையில் ஐக்கிய மக்கள் சக்தி பிரிந்து நாடாளுமன்றத்தில் 54 ஆசனங்களைப் பெற, தாய்க்கட்சிக்கு எஞ்சியது ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனம்.

2014இல் ஆளுங்கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த மைத்திரிபால சிறிசேன மிரட்டவே இல்லை. பிரிவதற்கு முதல்நாள் இரவு அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவுடன் அப்பம் உண்டார் என்ற கதை இன்றும் பேசப்படுகிறது. நவம்பர் 21ஆம் திகதி அவர் அரசாங்கத்திலிருந்து வெளியேறினார். சுயேச்சையாக நிற்காமல், பதிவுபெற்ற புதிய ஜனநாயக முன்னணியின் அன்னம் சின்னத்தில் நின்று 51.28 சதவீதத்துடன் வென்றார். மிரட்டல் தலைமைக்குத் தயாராக அவகாசம் தருகிறது. மௌனம் அதைத் தருவதில்லை. வெல்வதே நோக்கமாயின், இவ்விரண்டில் சிறிசேனவின் வழியே மேலானது என்பேன். (2024இல் ரணில் சுயேச்சையாக நின்றதை இவ்வரிசையில் சேர்க்க முடியாது, அவர் நெருக்குவதற்கு மேலே தலைமை எதுவும் இருக்கவில்லை.)

கொழும்பு மாநகர சபையிலோ, கட்சியை நெருக்கும் நெம்புகோல் வாக்களிப்புக்குப் பின்னரே சுயேச்சைகளின் கைக்கு வருகிறது. 2006இல் தன் வேட்புமனு நிராகரிக்கப்பட்டதால், ஐக்கிய தேசியக் கட்சி மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழுவை ஆதரித்தது. வென்றபின் அவர்கள் விலகி, கட்சியினருக்கு இடம்விடுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. அவர்கள் விலக மறுத்தனர். முச்சக்கரவண்டிச் சாரதியாக இருந்த உவைஸ் மொஹமட் இம்தியாஸ் மேயரானார். கட்சி உறுப்பினரை நீக்கினால் அவரது ஆசனமும் பறிபோகக்கூடும் என்ற அச்சம் உண்டு. இந்தக் குழுவினர்மீது அத்தகைய பிடி எதுவும் கட்சிக்கு இருக்கவில்லை.

2025இலும் 117 ஆசனங்களில் 48ஐ மட்டுமே பெற்ற தேசிய மக்கள் சக்தி, இரகசிய வாக்கெடுப்பில் 61 வாக்குகளுடன் மேயர் பதவியைப் பெற்றது. அந்த மேலதிக வாக்குகளுக்காகச் சுயேச்சை உறுப்பினர்களை அக்கட்சியும் எதிரணியும் நாடவேண்டியிருந்தது. முன்கூட்டி எவரையும் மிரட்டாமலேயே அவர்களுக்கு அந்தப் பேரம்பேசும் பலம் கிடைத்தது.