வெண்டி ஹவுஸ் ஜிம்முக்குக் குதிரை லாய ரப்பர் மேட்: வாங்கலாமா?

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கொல்லையில் சும்மா கிடக்கும் வெண்டி ஹவுஸை, அதாவது மரப்பலகைக் கொட்டகையை, ஜிம்மாக்க நினைப்பவர்கள் முதல் காசைத் தரைக்குத்தான் போட வேண்டும். அதற்கு, குதிரை லாயத்துக்கென்று பண்ணைச் சாமான் கடைகளில் விற்கும் கெட்டி ரப்பர் மேட்டை மிஞ்ச ஒன்றுமில்லை.

1.83 மீட்டருக்கு 1.22 மீட்டர், தடிமன் 19 மில்லி என்ற அளவில் கேளுங்கள். ஒன்று சுமார் 45 கிலோ. தூக்க இரண்டு பேர் வேண்டும். அறை முழுக்க விரிக்கத் தேவையில்லை. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் 2.44 மீட்டர் அகலம் வரும். பளுத் தட்டு மாட்டும் ஒலிம்பிக் பார் 2.2 மீட்டர்தான், அதனால் இருபுறத் தட்டுகளும் ரப்பர் மேலேயே இறங்கும். கோத்துப் போடும் ஃபோம் டைல் யோகாவுக்குச் சரி. பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்போது அது அமுங்கி, குதிகால் ஆடும்.

கடையிலேயே மூலையை மடக்கி நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கருப்புத் துகள் உதிர்ந்தால் அது டயர்த் தூளைப் பசையில் ஒட்டியது. ஓரம் சீக்கிரம் பிய்யும். மேலே குமிழ் வைத்ததும் வேண்டாம், பெஞ்சு ஆடும்.

பெரிய குறை நாற்றம். டர்பன் கோடையில் தகரக் கூரைக்குக் கீழே இன்னும் தூக்கும். பாத்திரம் கழுவும் சோப்பால் இருபுறமும் தேய்த்து, நிழலில் சில நாள் காற்றாட விட்டால் குறையும், முழுக்கப் போகாது. தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும்.

அடுத்தது பலகைத் தரை. இரண்டு அடிக்கட்டைகளுக்கு நடுவில்தான் அது முறியும். மேட்டுக்கு அடியில் 18 மில்லி பிளைவுட் இரண்டு ஷீட் திருகிப் போடுங்கள். நீளப் பக்கம் கட்டைகளுக்குக் குறுக்கே வந்தால்தான் பளு பல கட்டைகளுக்குப் பிரியும். அப்படியிருந்தும் டெட்லிஃப்டில், அதாவது தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிரும்போது, அதை மேலிருந்து கைவிடக் கூடாது. மாதம் ஒருமுறை மேட்டின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஈரம் தங்கினால் பலகை உளுத்துவிடும்.

வெட்ட ஸ்டான்லி கத்தியும் சோப்புத் தண்ணீரும் போதும். கீறலுக்கு அடியில் கட்டை வைத்து வாய் பிளக்கச் செய்து, நாலைந்து இழுப்பில் அறுங்கள். ஒரே இழுப்பென்றால் கோணலாகும். வெயிலில் ரப்பர் விரியும், சுவரோரம் 5 மில்லி விடுங்கள்.

ஸ்கிப்பிங், பாக்ஸிங் மட்டும் செய்பவருக்கு இத்தனை தடிமன் வீண் செலவு. 8 மில்லி ரப்பர் ரோல் வாங்கினால் போதும்.