கோவையில் 78 பிளேட்டை டிஜிட்டல் ஆக்க ஒரு கடை: கே.பி.எஸ். தட்டுகளோடு போனேன்

டவுன்ஹால் பக்கத்துச் சந்து ஒன்றில், நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பழைய கிராமபோன் தட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தருகிற கடை இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரரே கேட்டுக்கொண்டார் ("ஒத்தை ஆளுங்க, கூட்டம் வந்தா சமாளிக்க முடியாதுங்க"), அதனால் போடவில்லை. ரேடியோ ரிப்பேர் கடைகளில் விசாரித்தால் கை காட்டுவார்கள். இரைச்சலே இல்லாமல் நேற்றுப் பதிவு செய்த பாட்டு மாதிரி வேண்டும் என்பவர்கள் இங்கே போகாதீர்கள், ஏமாந்து போவீர்கள். குரல் குரலாகவே வேண்டும் என்பவர்கள் தாராளமாகப் போகலாம்.

நான் கொண்டுபோனது அம்மாயி வீட்டு அட்டாலியில் கிடந்த கே.பி.சுந்தராம்பாள் பிளேட்டுகள். வீடு கொடுமுடிக்குப் பக்கம், அதனால் அங்கே அவர் எப்போதும் 'நம்மூர்க்காரம்மா'தான். நம்மில் பலருக்குத் தெரிந்த கே.பி.எஸ். என்றால் 1953-ல் வந்த ஔவையார், அப்புறம் 1965-ல் திருவிளையாடல். நெற்றி நிறையத் திருநீறு பூசிய வயதான அம்மா. அது அவர் வாழ்க்கையின் பின்பாதி. முன்பாதியில் நாடகக் கொட்டகையில் பாடியதெல்லாம் அன்றன்றைக்கே காற்றோடு போய்விட்டது, மிஞ்சியிருப்பது இந்த அரக்குத் தட்டுகள் மட்டும்தான். அதனால்தான் எந்தக் கடையில் கொடுக்கிறோம் என்பதில் இவ்வளவு யோசனை.

கடைக்காரர் முதலில் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். காய்ச்சி வடித்த தண்ணீரில் சோப்பு ரெண்டு சொட்டு, மெல்லிய பிரஷ், அவ்வளவுதான் கழுவல். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், தட்டு போயே போய்விடும். அடுத்து முள். பின்னால் வந்த எல்.பி. தட்டுக்கான முள்ளின் நுனி மெலிசு, 78 தட்டின் கோடு அகலம், அதற்கு மூணு மடங்கு பருமனான நுனி வேண்டும். மெலிசு முள்ளைப் போட்டால் அது கோட்டின் அடியில் இறங்கி அங்கே தேங்கிய அழுக்கைத்தான் பாடும். முன்பு வேறோர் ஊரில் கொடுத்து வாங்கிய பதிவு அப்படித்தான் வறுகடலை வறுக்கிற சத்தமாக வந்தது. இவரிடம் நுனி அளவு வேறுவேறாக நாலைந்து முள் இருக்கிறது, ஒவ்வொரு தட்டுக்கும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டுத்தான் பதிவை ஆரம்பிக்கிறார்.

பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷமும் கொஞ்சமும்தான் இடம். ராத்திரி முழுக்க நடக்கிற நாடகத்தில் ஒரே பாட்டை ஒன்ஸ்மோர் கேட்கக் கேட்க நீட்டிப் பாடிப் பழகியவர், இந்த மூணு நிமிஷத்துக்குள் எப்படி அடங்கினார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஆலாபனையைச் சுருக்கி, நேரே பல்லவிக்கு வந்து, மேலே ஒரே ஏற்றம், முடிந்தது. மைக் இல்லாமல் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி பாடிய தொண்டை, உச்சத்தில் நிற்கும்போது நடுக்கமே கிடையாது. இரைச்சலை எடுக்கிறேன் என்று சாஃப்ட்வேரை முடுக்கிவிட்டால் முதலில் காணாமல் போவது இந்த உச்சத்தின் விளிம்புதான், குரல் கம்பளிக்குள் இருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். கடைக்காரர் 'டிக் டிக்' கீறல்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அடியில் ஓடும் 'ஸ்ஸ்' சத்தத்தை அப்படியே விட்டுவிட்டார். "அதையும் எடுத்தா அம்மா குரல்ல பாதி போயிருமுங்க" என்றார். நூற்றுக்கு நூறு சரி.

எடுத்துத் தந்ததைக் காரில் கேட்டுக்கொண்டே வந்தபோது அந்த அம்மா வாழ்க்கைதான் ஓடிக்கொண்டிருந்தது. 1908-ல் கொடுமுடியில் பிறப்பு, வீட்டில் கடும் வறுமை, சின்ன வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கியதாகச் சொல்வார்கள். அங்கிருந்து நாடகக் கம்பெனி, இலங்கை, நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு ஜோடி, 1927-ல் கல்யாணம். 1933 டிசம்பரில் கிட்டப்பா போய்விட்டார். இவருக்கு அப்போது 25 வயது. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, ஆணோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்ற வைராக்கியம். அந்த வைராக்கியத்தோடேயே 1935-ல் நந்தனார் படத்தில் ஆண் வேஷம் கட்டினார், சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம்! நாடகமும் தட்டும் சேர்ந்து அவருக்கு உண்டாக்கிக் கொடுத்த மதிப்பு அது என்றுதான் நினைக்கிறேன். கொட்டகை இல்லாத கிராமத்திலும் பெட்டிக்குச் சாவி கொடுத்து அவர் குரலைக் கேட்டிருக்கிறார்கள். காங்கிரஸ் மேடைகளில் பாடிய அந்தக் குரல் 1951-ல் சென்னைச் சட்ட மேல்சபைக்கும் போயிற்று. 1970-ல் பத்மஸ்ரீ.

பேச்சு வாக்கில் கடைக்காரர் தன் சொந்தச் சேமிப்பில் இருந்து ஒரு தட்டை எடுத்துக் காட்டினார், கோயமுத்தூர் தாயி என்ற பாடகி பாடியது. இதற்காகவே இன்னொரு தரம் போகலாம். பழனிக்குஞ்சரம் என்ற பெயரோடு 1872-ல் பிறந்தவர், 1917-ல் மறைந்தவர், கே.பி.எஸ்ஸுக்கும் ஒரு தலைமுறை முந்தி. சேலம் கோதாவரி என்ற பாடகியும் அதே காலம். மைக் வைத்துப் பதிவு செய்வது 1925-க்கு மேல்தான், இவர்களெல்லாம் ஒரு பெரிய குழலின் வாய்க்குள் பாடியவர்கள். மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1912-ல் இந்தியா வந்தவர், தாயியின் தட்டைக் கேட்டுச் சொக்கிப்போய், அதை ஒட்டி 'ராகமாலிகா' என்று பியானோவுக்கு எழுதினார், தாள வாத்தியச் சத்தம் வர வேண்டும் என்று தந்திக்கடியில் அட்டையைச் செருகவும் சொன்னார். பாரிஸ் வரை போன அந்தக் குரலுக்குப் பெயரில் கோயமுத்தூர் இருக்கிறது, கோயமுத்தூரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் காலத் தட்டுகளுக்கு வேகமும் ஒரே சீராக இருக்காது. 74-ல் பதிவானதை 78-ல் சுற்றினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும், பாடியவர் வேறு ஆள் போலத் தெரிவார். கடைக்காரர் வேகத்தைக் காதால் கேட்டுத் திருத்துகிறார், அதற்கு மட்டுமே தனியாகக் காசு கொடுக்கலாம்.

குறைகளுக்கு வருகிறேன். நேரத்துக்குத் தர மாட்டார். "வியாழக்கிழமை வாங்க" என்றால் அது எந்த வியாழன் என்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். ரசீது கிடையாது, நோட்டில் எழுதிக்கொள்கிறார், ஆகவே கொடுக்கும்போதே தட்டுகளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் எம்பி3 மட்டும்தான் கையில் வரும், சுருக்காத வேவ் ஃபைலும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு 150 ரூபாய், வேவ் ஃபைலுக்குத் தனியாகக் காசில்லை. விரிசல் விட்ட தட்டை வாங்க மாட்டார், ஒட்டித் தாருங்கள் என்று கெஞ்சியும் பார்த்தேன், நடக்கவில்லை.

பைக் நிறுத்த அந்தச் சந்தில் இடமே இல்லை. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்துக் கொண்டுபோகாதீர்கள், நடுவில் துணி வைத்து நிமிர்த்தி எடுத்துப் போங்கள். மத்தியானம் ரெண்டு மணி வரை கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார், ஞாயிற்றுக்கிழமை லீவு.