தஞ்சைப் பெரிய கோயில் 1000 ரூபாய் நாணயம்: ப்ரூஃபா, யூஎன்சியா?

பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவுக்காக 2010-ஆம் ஆண்டு பொறித்து மும்பை நாணயச்சாலை அடித்த 1000 ரூபாய் நாணயத்தை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ப்ரூஃப் (சேகரிப்பவர்களுக்காகத் தனி மெருகோடு அடித்தது) வாங்கலாமா, யூஎன்சி (அன்சர்குலேட்டட், அதாவது சாதாரண முறையில் அடித்து, புழக்கத்தில் படாதது) போதுமா என்பதுதான். உலோகத்தில் வித்தியாசமே இல்லை. இரண்டுமே 35 கிராம், 44 மில்லிமீட்டர், 80 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. ஆக வெள்ளிக்காக மட்டும் வாங்குகிறவர் ப்ரூஃபுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

வித்தியாசமெல்லாம் அடிக்கும் விதத்தில். ப்ரூஃபுக்கு அச்சையும் உருவம் பதியாத வெற்று வில்லையையும் மெருகேற்றி, ஒரு தடவைக்கு மேல் அழுத்தி அடிப்பார்கள். அதனால் பின்னணி கண்ணாடி மாதிரி மின்னும், கோயில் உருவம் மட்டும் பனி படிந்ததுபோல் வெண்மையாக எழுந்து நிற்கும். விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள், விமானம் தனியாகத் தெரியும், அந்த அழகு யூஎன்சியில் கிடைக்கவே கிடைக்காது. அடையாளமும் உண்டு: மும்பை ப்ரூஃபில் ‘எம்’ எழுத்து, யூஎன்சியில் வைர வடிவப் புள்ளி.

ஆனால் ப்ரூஃப் ரொம்ப நாசூக்கானது. ஒரு விரல் ரேகை பட்டாலே பளபளப்பான பரப்பில் பளிச்சென்று தெரியும், துடைத்தால் கீறல் விழும், அப்புறம் விலை இறங்கிவிடும். யூஎன்சி அந்த அளவுக்குப் படுத்தாது. எதுவானாலும் பிவிசி பிளாஸ்டிக் உறையில் மட்டும் போட்டு வைக்காதீர்கள், பச்சையாகப் படியும்.

என்னைக் கேட்டால், ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் ப்ரூஃபையே வாங்குங்கள், பெட்டியும் சான்றிதழும் சேர்த்து.