வினையெச்சத்தின் தோன்றா எழுவாய்: மூன்று கோட்பாடுகளில் எது தமிழுக்குப் பொருந்தும்?

“செல்வியின் அண்ணன் மாட்டுத்தாவணியில் இறங்கி ஜிகர்தண்டா குடித்தான்.” இறங்கியது யார்? அண்ணன்தான். செல்வி இறங்கினாள் என்ற பொருளை எந்தச் சூழலை வைத்தும் வரவழைக்க முடியாது. ‘இறங்கி’ என்ற வினையெச்சத்துக்குத் தனி எழுவாய் இல்லை, ஆனாலும் கேட்பவருக்குக் குழப்பமே இல்லை. இந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கோட்பாடுகள் பிரிகின்றன.

மொழியியலாளர் எட்வின் வில்லியம்ஸ் 1980இல் முன்வைத்த பயனிலைக் கோட்பாட்டின்படி, இத்தகைய தொடர் எழுவாயைத் தேடி நிற்கும் பயனிலை. அமைப்பில் அதற்கு எட்டும் பெயரோடு சேரும். ‘செல்வியின்’ என்பது ‘அண்ணன்’ என்ற பெயர்த்தொடருக்குள் அடைபட்டுக் கிடப்பதால் எட்டாது. செய்து, செய்யூ, செய்பு ஆகிய எச்ச வடிவங்களைத் தொல்காப்பியர் “முதனிலை மூன்றும் வினைமுதல் முடிபின” (முதல் மூன்றும் தம் செயலைச் செய்தவரின் வினையோடே முடியும்) என்று சொன்னதும் இந்த விளைவைத்தான். காரணம் சொல்லவில்லை, விதி சொன்னார்.

நார்பர்ட் ஹார்ன்ஸ்டீன் 1999இல் சொன்ன நகர்வுக் கோட்பாடு வேறு வழி. ‘அண்ணன்’ முதலில் எச்சத் தொடருக்குள் பிறந்து, பிறகு முதன்மைத் தொடருக்கு நகர்கிறது. பெயருக்குப் படிகள் (பிரதிகள்) இரண்டு, ஒலிப்பது ஒன்று. மேலே சொன்ன வாக்கியத்தில் இரண்டு கோட்பாடும் ஒரே விடைதான் தரும். அதை வைத்து வாதாடுவது வீண். பிரித்துக் காட்டுவது இது:

“முத்துவுக்குக் காய்ச்சல் வந்து பள்ளிக்கூடம் போகவில்லை.”

‘போ’ என்ற வினைக்கு ‘முத்து’தான் எழுவாயாக வேண்டும், ‘முத்துவுக்கு’ அல்ல. நான்காம் வேற்றுமையைக் கேட்பது ‘காய்ச்சல் வா’. ஆகவே பெயர் ஒலிப்பது எச்சத் தொடருக்குள். காணாமல் போனது முதன்மை வினையின் எழுவாய். பயனிலைக் கோட்பாடு இங்கே திணறும், ஏனென்றால் எச்சத்துக்குத் தேட எதுவும் பாக்கியில்லை. நகர்வுக் கோட்பாடோ எச்சத்துக்குள் இருக்கும் படி ஒலித்தது என்று சொல்லிவிடும். தெலுங்கிலும் அசாமியிலும் மொழியியலாளர் யூசுஃப் ஹத்தாத் இத்தகைய வாக்கியங்களைக் கொண்டே நகர்வை ஆதரித்தார். தமிழில்தான் ‘அவன்’ எப்போதும் உதிருமே, அது உதிர்ந்ததாக வைத்துக்கொண்டால் போதாதா? நியாயமான மறுப்பு. அதைச் சோதிக்க, “எந்தப் பையனுக்காவது காய்ச்சல் வந்து லீவு போட்டானா?” என்று கேட்டுப் பாருங்கள். உதிர்ந்த ‘அவன்’ சுட்டுவதற்கு இங்கே குறிப்பிட்ட பையன் யாரும் இல்லை. ‘வந்து’க்கு அடுத்து ‘அவன்’ என்று வெளிப்படையாகப் போட்டால் என் காதுக்கு இடறுகிறது. இந்த இடத்தில் நகர்வின் கை ஓங்குகிறது.

இடான் லாண்டாவ் 2021இல் இரண்டு பாதை என்றார்: சில தொடர்களுக்குப் பயனிலைப் பாதை மட்டும், மற்றவற்றுக்கு, யாருடைய பார்வையில் செய்தி சொல்லப்படுகிறதோ அவரைச் சுட்டும் பாதையும் உண்டு. இரண்டாம் பாதையில் எழுவாய் மனிதராக இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. தமிழில் “திருமங்கலம் வரும்போது செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள்” என்ற வாக்கியத்தை எடுங்கள். வந்தது செல்வி, அல்லது நான், அல்லது பஸ். போதாததற்குத் திருமங்கலமே ‘வரலாம்’. பஸ்ஸில் போகிறவர்கள் பேசுவது அப்படித்தான். பஸ்ஸுக்குப் பார்வை ஏது? அதனால் ‘போது’, ‘-ஆல்’ (‘வரும்போது’, ‘வந்தால்’ போல) வருமிடங்களில் இருப்பது சாதாரணமாக உதிர்ந்த சுட்டுப்பெயர் என்பதே என் கணிப்பு. லாண்டாவின் இரண்டாம் பாதையை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

சோதனை வாக்கியம் கட்டும்போது அடிக்கடி நேரும் கோளாறு, முதன்மை எழுவாயையும் விட்டுவிடுவது. “பஸ் ஏறி டிக்கெட் எடுத்தேன்” எதையும் நிரூபிக்காது. எழுவாயை வெளிப்படையாக வையுங்கள்; உடைமைப் பெயரின் (‘செல்வியின்’ போல) பால் அந்த எழுவாயின் பாலிலிருந்து வேறாக இருக்கட்டும். பிறகு ‘மட்டும்தான்’ சேருங்கள்: “செல்வி மட்டும்தான் குளித்துவிட்டுச் சாப்பிட்டாள்” என்றால், மற்றவர்கள் தாங்கள் குளித்துவிட்டுச் சாப்பிடவில்லை என்றே பொருள். செல்வி குளித்த பிறகு அவர்கள் சாப்பிடவில்லை என்ற பொருள் வந்தால், உங்கள் கையில் இருப்பது வேறு வகைத் தொடர்.

மூன்று கோட்பாட்டுக்கும் தொல்லை தருவது “மழை பெய்து வைகை பெருகியது”. இரண்டு வினை, இரண்டு எழுவாய். உரையாசிரியர்கள் “ஞாயிறு பட்டு வந்தான்” என்பதைச் ‘செய்து’ வடிவம் ‘செய’ (செய்ய) எச்சப் பொருளில் திரிந்ததாகக் கொண்டார்கள். பட்டு என்றால் பட. வைகைக்கும் அதே வழி, பெய்து என்றால் பெய்ய. ஆனால் எல்லாவற்றுக்கும் இந்தத் திரிபு கிடைக்காது. “அண்ணன் வந்து பஞ்சாயத்து முடிந்தது” சரி. “அண்ணன் வந்து அம்மா சமைத்தாள்” ஒட்டவில்லை. முதல் நிகழ்ச்சி இரண்டாவதற்குக் காரணமாகவும், இரண்டாவது யாரும் விரும்பிச் செய்யாததாகவும் இருந்தால்தான் பெரும்பாலும் எழுவாய் மாறுகிறது. ‘-விட்டு’ சேர்த்தால் அந்த வாசலும் அடைபடும்: “மழை பெய்துவிட்டு வைகை பெருகியது” யார் வாயிலும் வராது.

‘-ஆமல்’ எச்சமும் இதே கோட்டில்தான் நிற்கிறது. “செல்வியின் அண்ணன் சொல்லாமல் போனான்” என்றால் சொல்லாதது அண்ணன்தான்; “மழை பெய்யாமல் பயிர் கருகியது” என்றால் எழுவாய் மாறுகிறது.