கேம்பர் வேன் பேட்டரி: ஜெனரேட்டரின் 12 வோல்ட் சாக்கெட்டா, தனி சார்ஜரா, ஆல்டர்நேட்டரா?

சிறுமலைப் பக்கம் கேம்பர் வேனை (தங்கும் வசதியுள்ள வேன்) நிறுத்தினால், ஃபிரிட்ஜும் ஃபேனும் ஒரே நாளில் 100 ஆம்ப்-ஹவர் (1 ஆம்ப் கரண்ட் 1 மணி நேரம் ஓடினால் 1 ஆம்ப்-ஹவர்) பேட்டரியில் பாதியைக் குடித்துவிடும். அந்த 50ஐத் திருப்பி ஏற்ற, லெட்-ஆசிட் பேட்டரிக்கு இழப்பையும் சேர்த்து 60 ஆம்ப்-ஹவர் வேண்டும்.

சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர்களில் உள்ள 12 வோல்ட் சாக்கெட் சுமார் 8 ஆம்ப்தான் தரும். ஏழரை மணி நேரம் இரைச்சல், பெட்ரோல் செலவு. வோல்டேஜ் கட்டுப்பாடும் பெரும்பாலும் இல்லாததால், நிரம்பிய பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும். ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு அவசர உதவி, அவ்வளவுதான்.

230 வோல்ட் பிளக்கில் தானியங்கி சார்ஜர் மாட்டுவதே சரி. 100 ஆம்ப்-ஹவர் ட்யூபுலருக்கு (லெட்-ஆசிட் வகை) 10 முதல் 20 ஆம்ப். லித்தியம் என்றால் 30, 50கூடத் தாங்கும். ஆனால் ஜெனரேட்டர் தாங்குமா? 30 ஆம்ப் சார்ஜர் 14.4 வோல்ட்டில் தருவது 430 வாட். சார்ஜரின் இழப்பு, மோசமான பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்ட் முழுதும் வேலைக்குப் பயன்படாதது) இரண்டும் சேர்ந்தால் ஜெனரேட்டரிலிருந்து 750-800 விஏ (1,000 விஏ = 1 கேவிஏ) இழுக்கும். 1 கேவிஏ மெஷின் மதுரையில் தாக்குப்பிடிக்கலாம். 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் காற்று மெலிந்து, சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், டிரிப் ஆகும். அங்கே 20 ஆம்ப் சார்ஜர் போதும்.

வீட்டு இன்வெர்ட்டரையே சார்ஜராக வைத்திருப்பவர்கள் யுபிஎஸ் மோடிலிருந்து நார்மலுக்கு மாற்றுங்கள். ஜெனரேட்டரின் வோல்டேஜ் ஏறி இறங்குவதால் யுபிஎஸ் மோட் அதை ஏற்காமல் போகலாம்.

சார்ஜர் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். நீளமாக இழுக்க வேண்டியது 230 வோல்ட் ஒயரைத்தான். 12 வோல்ட் பக்கத்தில் 6 மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மி.மீ. ஒயரில் 30 ஆம்ப் போனால் 1 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும், பேட்டரி நிரம்பாமலே சார்ஜர் ஆம்ப்பைக் குறைத்துவிடும். ஜெனரேட்டர் 6 மீட்டருக்கு அப்பால், காற்று வேனிலிருந்து விலகிப் போகும் பக்கம் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் புகையில் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஜன்னல் திறந்திருக்கிறது என்று நம்பித் தூங்காதீர்கள்.

சித்திரை வெயிலில் பேட்டரி 40 டிகிரியைத் தொட்டால், லெட்-ஆசிடுக்கு சார்ஜ் வோல்டேஜ் 14.4 அதிகம், 14 வோல்ட் போதும். குறைக்காவிட்டால் தண்ணீர் வற்றும்.

லித்தியம் பேட்டரிக்கு, வேன் எஞ்சின் சுழற்றி மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரிலிருந்து 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் (அந்த மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற வோல்டேஜில் தரும் கருவி) வைத்தால், மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறும் 3 மணி நேரத்திலேயே 90 ஆம்ப்-ஹவர் வரை ஏறிவிடும். தினமும் நகர்பவர்களுக்கு ஜெனரேட்டரே தேவையில்லை. நிறுத்திய இடத்தில் ஐடிலில் ஓட்டுவது மட்டும் வேண்டாம், ஆல்டர்நேட்டர் சூடாகும்.

ஒரே இடத்தில் தங்குபவர்கள் காலையில் ஜெனரேட்டரை 2 மணி நேரம் ஓட்டி 80 சதவீதத்தில் நிறுத்தலாம். லெட்-ஆசிடில் கடைசி 20 சதவீதம் சொட்டுச் சொட்டாக 4 மணி நேரம் எடுக்கும். அதற்குப் பெட்ரோல் எரிக்காமல் 200 வாட் சோலார் பேனலிடம் விட்டுவிடுங்கள்.