தீபாவளிக்குக் காரைக்குடிப் பலகாரப் பெட்டி: எதை வாங்கலாம், எதை வீட்டில் சுடலாம்

தீபாவளி நெருங்கினால் செட்டிநாட்டு ஊர்களில் பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகள் திறக்கும். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று போன பிள்ளைகள் வந்து சேர்வார்கள். பேரன் பேத்திகள் முகப்புக்கும் உள் முற்றமான வளவுக்குமாக ஓடுவார்கள். அந்த நாளிலும் ஆத்தாவும் அப்பத்தாவும் வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டே இருந்தால், வந்தவர்கள் யாரோடு உட்கார்ந்து பேசுவது? காரைக்குடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் ஆர்டர் வாங்கிக்கொண்டு வீட்டுப் பக்குவத்தில் செய்துதரும் பலகாரப் பெட்டியின் அருமை இங்கேதான் இருக்கிறது. தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியில் இருக்கும் அத்தனையும் வாங்கத் தேவையில்லை.

முதலில் சீப்பு சீடை. இதைக் கட்டாயம் வெளியே வாங்குங்கள். நாலு பங்கு பச்சரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்தரைத்த உளுந்து மாவு சேர்த்து, காய்ச்சிய தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, வரி விழும் அச்சில் பட்டையாகப் பிழிந்து, இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் விரலில் சுற்றி நுனியை ஒட்ட வேண்டும். சலித்துப்போகும் வேலை. பங்காளி வீட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சுற்றிய காலத்தில் அது பாரமாகத் தெரியவில்லை. இன்று வீட்டில் இருப்பது வயதான ஒரு ஜோடிக் கை. அந்தக் கைக்கு ஓய்வு கொடுப்பதும் நாம் செய்ய வேண்டிய நன்றிதான்.

நல்ல சீப்பு சீடையைக் கண்டுபிடிக்க ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வரிகள் மழுங்காமல் தெரிய வேண்டும். நிறம் வெளிர் மஞ்சளைத் தாண்டக் கூடாது. ஒட்டிய இடம் வாய் பிளந்திருந்தால், பிழிந்த மாவு காய்ந்த பிறகு சுற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கடித்தால் பொலபொலவென்று உதிர வேண்டும்; கல் மாதிரி இருந்தால் தண்ணீர்ப் பாலில் பிசைந்தது. வாய்க்குள் மெழுகு போல ஒரு படலம் நின்றால் தேங்காய்ப்பாலைக் குறைத்து டால்டா சேர்த்திருக்கிறார்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த பலகாரத்துக்கு ஆயுள் கொஞ்சம் குறைவு, நாள்பட்டால் காறல் வாடை வந்துவிடும். இரண்டு மூன்று மாதம் கெடாது என்று யாராவது சொன்னால், என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது மணகோலம். பருப்பு மாவில் பிழிந்து சுட்டு ஒடித்த முறுக்கோடு பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை, நெய்யில் சிவந்த தேங்காய்ப் பல் எல்லாம் கலந்து, ஏலக்காய் தட்டிப் போட்ட வெல்லப்பாகில் புரட்டுவது. சூட்சுமம் முழுக்கப் பாகில்தான். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் கேட்க வேண்டும். அதற்கு முன்பே இறக்கிய பாகு காற்றுப் பட்டதும் கசியும். முறுக்கு நமத்து, பெட்டிக்குள் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி மழை ஈரத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். டப்பாவைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தனித்தனியாக உருளும் சத்தம் வந்தால் நம்பி வாங்கலாம். தேங்காய்ப் பல் சரியாக வறுபடாமல் வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம், முதலில் கெடுவது அதுதான்.

தேன்குழலும் கை முறுக்கும் நன்றாகவே கிடைக்கின்றன. பழைய எண்ணெயில் சுட்டதா என்பதை மட்டும் முகர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிரசத்தில் கவனம் வேண்டும். ஈர மாவில் பாகு ஊற்றிக் கிளறி, இரண்டு நாளாவது ஊறவைத்துச் சுட வேண்டியது அது. அவசரத்தில் அன்றைக்கே சுட்டால் மெத்தென்று வராது. பாகு முற்றிப்போனால் மறுநாளே சப்பாத்திக் கட்டை போல விறைக்கும். எண்ணெயை அழுத்தி வடிக்காத அதிரசம் காகிதத்தை நனைத்துவிடும், அதையும் பாருங்கள். சுட்ட அதிரசத்தை விட, பதமான மாவாகவே கொடுப்பவர்களிடம் வாங்கி வீட்டில் சுட்டுக்கொள்வது மேல்.

மாவுருண்டைக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஒரு கப் பாசிப்பருப்பை வாசனை வரும்வரை பொன்னிறமாக வறுத்து, மாவாக்கிச் சலித்து, ஒரு கப் பொடித்த சர்க்கரை, ஏலப்பொடி சேர்த்து, ஏறக்குறைய அரை கப் நெய்யை நன்றாகச் சுடவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சூட்டோடு உருட்ட வேண்டும். நெய் ஆறினால் உருண்டை பிடிக்காது, அதனால் மொத்த மாவுக்கும் ஒரே நேரத்தில் ஊற்றாதீர்கள். ஊரிலிருந்து வந்த பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து உருட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் கோணலாக வரும், வரட்டும். இன்னொரு காரணமும் உண்டு: பார்சலில் வரும் உருண்டைகளில் பாதி தூளாகத்தான் வந்து சேரும்.

வெள்ளைப் பணியாரத்தைச் சில இடங்களில் பெட்டியோடு சேர்த்துத் தருகிறார்கள். தவிர்த்துவிடுங்கள். ஆறிய வெள்ளைப் பணியாரத்தில் ருசியே இல்லை. ஒரு டம்ளர் பச்சரிசி அளந்து, அதன் தலைமேல் கோபுரமாக நிற்கிற அளவு உளுந்து. இரண்டு மணி நேரம் சேர்த்து ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் கொஞ்சம் பாலும் விட்டுக் கரைத்து, கரண்டியால் ஒவ்வொன்றாக ஊற்றிச் சுடுங்கள். மாவு கெட்டியானால் போண்டாவாகும், இளகினால் எண்ணெயில் பரந்து பிய்ந்துபோகும். புளிக்கவிட்டால் எண்ணெய் குடிக்கும். எண்ணெய்க் குளியல் முடிந்து, புதுத் துணி கட்டி, சாமி கும்பிட்டுவிட்டு எல்லாரும் கூடத்துப் பட்டாலையில் உட்கார்ந்ததும், மகனோ மருமகனோ சட்டி முன்னால் நிற்கட்டும். முதல் ஈடு மிளகாய்த் துவையலோடு அப்பத்தாவுக்குப் போகட்டும். இத்தனை வருஷம் அவர் கடைசியாகத்தான் சாப்பிட்டிருப்பார்.

பெட்டி விஷயத்தில் சில குறிப்புகள். லேபிளில் தயாரித்த தேதியும், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இனிப்பையும் உப்புப் பலகாரத்தையும் ஒரே டப்பாவில் போட்டுத் தந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள், பாகின் ஈரம் தேன்குழலை நமக்கச் செய்யும். வந்ததும் தூக்குச் சட்டியிலோ சம்படத்திலோ மாற்றி இறுக மூடுங்கள். பனை ஓலைக் கொட்டானில் போட்டுக் கொடுப்பது கண்ணுக்கு அழகு. சம்பந்தி வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்ப அதைவிட ஒன்றும் இல்லை. ஆனால் காற்றுப் புகும், அதில் வைத்துச் சேமிக்க முடியாது. கூரியரை நம்புவதை விட, காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் பல்லவன் ரயிலில் வருகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடுவது முறுக்குக்கு நல்லது.

ஆர்டரை ஐப்பசி பிறப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கடைசி இரண்டு நாளில் சொன்னால் பாகுப் பதமும் எண்ணெய்ச் சூடும் அவசரத்தில் தப்பும். அதோடு, சீடை சுற்றுகிற பெண்களுக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு முதல் நாள் மதியமே அடுப்பை அணைத்து அவர்களை அனுப்பிவிடுகிற இடமாகப் பார்த்து வாங்குங்கள்.